அழுத நீலம்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மாப்பிள்ளையின் சர்க்கரை எந்த மட்டில் இருக்கிறது, உன் இடுப்பு வலி விட்டதா என்பதை முதலில் எழுது. புத்தகச் சமாச்சாரமெல்லாம் அதற்குப் பிறகு.

அறுவை முடிந்து மூன்று மாதம் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், கடைவாசலில் இருக்கிற மூன்று படியைக் காட்டி என் மகன் என்னை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டான். பெயிண்ட் வாசனை இல்லாமல் மூச்சு விடுவது எனக்குப் புதுசு. போனில் பேசலாமென்றால் காது மிஷின் போனைக் கண்டதும் கீச்சிடுகிறது. ஆகவே கடிதம்.

நீ அனுப்பிய இரண்டு புத்தகத்தையும் படித்தேன். கருத்து கேட்டாய். கோபித்துக்கொள்ளாதே.

மஞ்சள் அட்டை நாவலில் ஒருத்தன் ஜன்னலோரம் உட்காருகிறான். மழை வருகிறது. நாற்பதாம் பக்கத்தில் மழை நிற்கிறது. அவன் எழுந்திருக்கவில்லை. நூற்றுப்பத்தாம் பக்கத்தில் தேநீர் குடிக்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிடுகிறான். பின்னட்டையில் ஆறு பேர் 'உலுக்கிவிட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். யாரை? அவனையே உலுக்கவில்லையே. டப்பாவில் தண்ணீரை நிரப்பி முதல் தரம் என்று நான் ஒட்டி விற்றால், வாங்கினவன் அதே டப்பாவால் என் மண்டையைப் பிளப்பான். இவனுக்கு மட்டும் பரிசு.

தடித்த புத்தகம் ஒரு ஆலை முதலாளியின் சொந்தக் கதை. 'வெறுங்கையோடு வந்தேன்' என்று பக்கத்துக்கு ஒரு தரம் சொல்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தால் அந்த வெறுங்கையில் மாமனாரின் ஆலைச் சாவி இருக்கிறது. வெறுங்கை என்றால் என்னவென்று என்னிடம் வந்து கேட்கட்டும். யார் தயவும் இல்லாமல் ஒற்றை ஆளாகக் கடையைத் தூக்கி நிறுத்தினவன் நான்.

அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எங்கள் நூலகம் மாதாமாதம் நான்கு பக்கத்தில் வாசகர் கருத்துத் தாள் போடுகிறதல்லவா, அதைத் தொகுப்பது நான்தான். உங்கள் கடிதத்தில் இருந்ததை அப்படியே எடுத்து, 'ஒரு வியாபாரி' என்று கீழே போட்டு வெளியிட்டுவிட்டேன். கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும். தாள் இரண்டே நாளில் தீர்ந்தது. எங்கள் தாளில் ரொம்ப காலமாக எழுதிவரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மட்டும் கொதித்துப்போய் வந்தார். "இலக்கியத்த எடைக்கல்லு வச்சா நிறுக்கிறது?" என்று கேட்டார். அடுத்த மாதமும் அந்த வியாபாரி எழுதுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் மூன்று புத்தகம் அனுப்புகிறேன். அதில் வெளிர்பச்சை அட்டை போட்டதில் ஆசிரியர் பெயர் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருத்தி எழுதியது. அவள் வாழ்க்கையில் நடந்ததுதான், ஆளையும் இடத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறாள். அடுத்த பதிப்பில் சொந்தப் பெயர் போட வேண்டும் என்று பதிப்பாளர் வற்புறுத்துகிறார். ஜூன் முடிவதற்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். பெயர் வந்தால் அவளுடைய நெருங்கின சொந்தம் ஒன்று அறுந்துபோகலாம். போடலாமா, கூடாதா? படித்துவிட்டு உங்கள் வாயால் சொல்லுங்கள். தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 14

அன்புத் தங்கைக்கு,

சுகம். கால் தொண்ணூறு டிகிரி மடங்குகிறது என்று பயிற்சிக்காரப் பெண் கை தட்டினாள். அறுபத்தைந்து வயதில் காலை மடக்கியதற்குக் கைதட்டல் வாங்கினவன் நான் ஒருத்தன்தான்.

உங்கள் தமிழாசிரியரிடம் சொல், எடைக்கல் வைத்துத்தான் நிறுப்பேன். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். நீ அனுப்பியதில் பயணக் கட்டுரை ஒன்று. அந்த அம்மாள் எட்டுத் தேசம் சுற்றிவிட்டு வந்து தன் செருப்புக் கடியைப் பற்றி எழுதியிருக்கிறாள். சிறுகதைத் தொகுப்பில் பத்தொன்பது பேர் சாகிறார்கள், ஒருத்தரும் சாவதற்கு முன்னால் உயிரோடு இருந்த மாதிரி தெரியவில்லை. இவற்றைப் பாராட்டி எழுதுகிறவர்கள் அதைவிட மோசம். எல்லாக் கருத்தையும் ஒரே டின்னில் இருந்து ஊற்றுகிறார்கள்.

பெயர் போடாத சாம்பல் அட்டையை இன்னும் தொடவில்லை. நாளை எடுக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 3

தங்கைக்கு,

அனைவரும் சுகமென்று நம்புகிறேன். உன் பதில் வருமுன்பே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் புத்தகத்தில் பாதிக்கு மேல் போக முடியவில்லை. எழுத்து மோசமில்லை, நன்றாகவே எழுதுகிறாள். அதில் வருகிற ஆள்தான் சகிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அம்மா அப்பா இல்லை. அக்கா வீட்டில் வளர்கிறாள். அக்காவின் புருஷன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற காண்ட்ராக்டர். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, பத்து நாளுக்குள் வந்து சேரும்படி இவளுக்குக் கடிதம் வருகிறது. அது இவள் கைக்கு வரவில்லை. பதினோராம் நாள் அத்தானின் மாதிரிப் பலகையில் பார்க்கிறாள். நிறம் சரியா என்று தடவிப் பார்க்கிற தாள்களோடு தாளாக இவள் கடிதமும் ஒட்டியிருக்கிறது. தேதி இருந்த இரண்டு வரிமேல் பட்டையாக ஒரு பூச்சு. இவள் அழுதுகொண்டு கேட்டால், "கவனிக்கலம்மா, வேலை நெருக்கடி" என்கிறான்.

அதற்குப் பிறகு இவள் எழுதுகிறாள் பார், 'அவர் தெரியாமலும் செய்திருக்கலாம்' என்று. அங்கேதான் புத்தகத்தை விசிறி எறிந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் பெயிண்ட் விற்றவன் சொல்கிறேன். நிறம் பார்க்கப் பழுப்புத் தாள்தான் எடுப்போம். அதுதான் சுவர் மாதிரி உறிஞ்சும், காய்ந்தபின் உண்மையான நிறத்தைக் காட்டும். அரசாங்க முத்திரை போட்ட வழவழப்புத் தாளில் பூசினால் வழுக்கும், கோடு கோடாக நிற்கும், ஒன்றும் தெரியாது. தொழில் தெரிந்த எவனும் அதைத் தொடமாட்டான். அதுவும் நடுவில் தடவாமல், ஓரத்தில் தடவாமல், தேதிமேல் மட்டும் அளந்து தடவுகிறானா? தெரிந்தேதான் செய்தான். கூட இருந்தே குழி பறித்தவன்.

உன் சிநேகிதிக்குச் சொல், பெயரைப் போடட்டும். ஒளிய வேண்டியவள் அவளில்லை. அறுகிற சொந்தம் அறுந்து தொலையட்டும். அப்படிப்பட்டவனை என் கடைப்படியில் ஏறவிடமாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

உங்கள் கருத்தை அவளிடம் காட்டினேன். ஒன்றே ஒன்று கேட்கிறாள். அன்றைக்குப் பழுப்புத் தாள் தீர்ந்துபோயிருக்க வழியில்லையா? அவசரத்தில், கைக்குக் கிடைத்ததில் தடவியிருக்கலாம் அல்லவா? அவள் இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்து அவரோடு பேசிக்கொண்டும் போய்வந்துகொண்டும் இருந்திருக்கிறாள். யோசித்துச் சொல்லுங்கள்.

தாளில் போடும்போது நீங்கள் சாம்பல் அட்டை என்று எழுதியதை வெளிர்பச்சை என்று மாற்றிக்கொள்கிறேன், வழக்கம்போல.

தங்கை


ஏப்ரல் 26

தங்கைக்கு,

சுகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பழுப்புத் தாள் தீர்ந்தால் சிமென்ட் சாக்கைக் கிழிப்போம், அட்டைப் பெட்டியைக் கிழிப்போம், சுவரிலேயே தடவுவோம். வந்த கடிதத்தை உறையிலிருந்து எடுத்து, பிரித்து, தேதியைத் தேடித் தடவமாட்டோம். உறையைப் பிரித்தவன் படித்திருக்கிறான். படித்தவன் தெரிந்துதான் செய்திருக்கிறான். அவளிடம் சொல், உன் நல்ல மனசுக்கு அவன் தகுதியில்லை என்று.

தாராளமாக அச்சில் போடு. ஒரு வரியையும் வெட்டாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நான் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன்.

அண்ணன்


மே 20

அண்ணாவுக்கு,

தாள் வந்துவிட்டது, இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஒரு வரியும் வெட்டவில்லை. மற்றவர்கள் எழுதியதையும் படியுங்கள்.

தங்கை


ஜூன் 2

தங்கைக்கு,

தாளைப் படித்தேன். என் கருத்துக்குக் கீழே உங்கள் தமிழாசிரியர் கடைசி அத்தியாயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 'அழுத நீலம் என்ற சொற்சேர்க்கையில் பெண்ணினத்தின் நூற்றாண்டுத் துயரம் உறைந்திருக்கிறது' என்கிறார். அதற்குக் கீழே ஒரு கல்லூரிப் பெண், அந்த ஒரு படிமத்துக்காகவே இந்தப் புத்தகத்துக்குப் பரிசு தரலாமாம். நிறமே கண்ணீர் விடுகிறதாம்.

படிமமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. கடை திறந்த வாரம் டப்பாமேல் 'அழுத்த நீலம்' என்று நான் எழுதப்போய் ஒரு 'த்' விட்டுப்போனது. நீ படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "அண்ணா, இதை யாரு அடிச்சது, ஏன் அழுதிச்சு?" என்றாய். அன்றிலிருந்து அது நம் கடையில் மட்டும், நமக்குள் மட்டும் ஓடின பெயர். உலகத்தில் வேறு எவளுக்கும் அது தெரியாது.

அப்படியானால் சிநேகிதி யாரும் இல்லை. நர்ஸ் படிப்பில்லை, ஆசிரியைப் பயிற்சி. அத்தானில்லை, அண்ணன்.

என்னை வைத்தே என்னைக் காறித் துப்ப வைத்து, அதை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாய். கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது? நேரே கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டேனா?

கேட்டுக்கொள், அன்றைக்குக் கடையில் பழுப்புத் தாள் தீர்ந்துதான் போயிருந்தது. நெருக்கடியான நாள். பார்க்காமல் எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

பெயரைப் போடாதே. அண்ணி படிப்பாள், என் மகன் படிப்பான். நாலு பேர் மதிக்கிற மனுஷனாக இருக்கிறேன். உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 11

தங்கைக்கு,

பதில் இல்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

போன கடிதத்தைத் தபாலில் போட்டு வீட்டுக்கு வந்து, என்னுடைய ஏப்ரல் கருத்தை மறுபடி உன் தாளில் படித்தேன். பழுப்புத் தாள் தீர்ந்தால் சாக்கைக் கிழிப்போம் என்று நானே எழுதியிருக்கிறேன். எனக்கு எதிராக இவ்வளவு கச்சிதமாகச் சாட்சி சொல்ல வேறு யாராலும் முடியாது. புத்தகத்தில் அந்த ஆளைப் பார்த்தபோது எவ்வளவு அருவருப்பாக இருந்ததோ, அதில் ஒரு சொட்டும் குறையாமல் இப்போது என் கையைப் பார்க்கும்போது இருக்கிறது.

தெரிந்தேதான் செய்தேன். உறையைப் பிரித்துப் படித்தேன். பிறகு நாளாக நாளாக, கவனிக்காமல் நடந்துவிட்டது என்று எனக்கே சொல்லிச் சொல்லி, அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. வேறொருத்தன் கதையாகப் படித்தபோதுதான் உள்ளது உள்ளபடி தெரிந்தது.

ஏன் என்று நீ புத்தகத்தில் எழுதவில்லை. உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குப் பச்சையும் சாம்பலும் ஒன்றுதான். சிவப்பும் மரப்பழுப்பும் ஒன்றுதான். பெயிண்ட் கடை வைத்தவனுக்கு நிறம் தெரியாது. வாடிக்கையாளர் ஒரு துணியைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால் நீதான் பார்த்துக் கலந்தாய். உன் கண்ணை வைத்துத்தான் கடை ஓடியது. நீ போனால் மூன்று மாதம் தாங்காது என்று பயந்தேன். அன்றைக்குப் பூசினதும் நீலம்தான், ஏனென்றால் அது ஒன்றுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிற நிறம். ஆறு வருஷம் கழித்துக் கல்யாணமாகி நீ போனபிறகு, டப்பா மூடியில் நீ எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்துச் சமாளித்தேன். யார் தயவும் இல்லாமல் நின்றேன் என்று ஜனவரியில் உனக்கே எழுதியிருக்கிறேன். அந்த ஆலை முதலாளியே தேவலை.

பெயர் போடுவது உன் இஷ்டம். நான் இனி ஒன்றும் சொல்லமாட்டேன்.

அண்ணன்


ஜூன் 28

அண்ணாவுக்கு,

உங்கள் கண் விஷயம் எனக்குத் தெரியும். பதினைந்து வயதிலேயே தெரியும். ஒரு அம்மாள் பச்சை கேட்டபோது நீங்கள் சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தீர்கள், நான் ஓடிவந்து மாற்றினேன். நீங்கள் மறைத்ததால் நானும் கேட்கவில்லை. புத்தகத்தில் எழுதாததும் அதனால்தான்.

அந்த எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு டப்பாவிலும் எண் எழுதி, எந்த எண்ணில் எத்தனை கரண்டி கலந்தால் எந்த நிறம் வரும் என்று நோட்டுப் போட்டது எப்போது என்று நினைவிருக்கிறதா? விண்ணப்பம் அனுப்பின அன்றே ஆரம்பித்தேன். நான் பயிற்சிக்குப் போனபிறகு நீங்கள் தடுமாறக்கூடாது, கண் இல்லாவிட்டாலும் எண் போதும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். அந்தக் கடிதம் வந்த அன்று கடைசி டப்பாவில் எண் எழுதியாகிவிட்டது. என்னை நிறுத்தாமலே உங்கள் கடை நின்றிருக்கும்.

நேரே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். பதினேழு வயதில் நேரேதான் கேட்டேன். இந்த முறையும் நேரே கேட்டிருந்தால் பழுப்புத் தாள் தீர்ந்துபோன கதைதான் வந்திருக்கும், ஜூன் இரண்டாம் தேதி வந்த மாதிரி. வேறொருவன் செய்ததாகக் காட்டினால்தான் உங்கள் வாயிலிருந்து உண்மை வரும் என்று கணக்குப் போட்டேன். வியாபாரியின் தங்கைதானே நானும். அதில் எனக்குப் பெருமையில்லை. உங்கள் மார்ச் கடிதம் வந்தது. அதுவரை எனக்கு ஒரு 'தெரியாமலும் செய்திருக்கலாம்' இருந்தது. அதை வைத்துத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன், உங்கள் பிள்ளையைத் தூக்கினேன். இப்போது அது இல்லை.

பெயர் போடச் சொல்லி நேற்றுப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். உங்கள் கண்ணைப் பற்றி இந்தப் பதிப்பிலும் ஒரு சொல் இருக்காது. அத்தானை அண்ணனாக்கவும் இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

கொஞ்ச காலம் எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை


அக்டோபர் 30

தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நான்கு மாதம் பொறுத்தேன். இதற்குப் பதில் கேட்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் பெயர் போட்ட புத்தகம் வந்துவிட்டது. அண்ணிக்கு நானே வாசித்துக் காட்டினேன், அந்த அத்தான் யாரென்றும் சொன்னேன். பத்து நாள் என் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டாள். என் மகன் படித்துவிட்டுக் கலவை நோட்டை எடுத்து ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தான். இவ்வளவு நாளும் அது என் கையெழுத்து என்று நினைத்திருந்தானாம்.

நான் மறுபடி கடைக்குப் போகிறேன். கல்லாப் பக்கத்தில் உன் புத்தகம் ஆறு பிரதி வைத்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்கள் 'அருமை' என்று சொல்லித் திருப்பித் தருகிறார்கள். படிக்காமலே சொல்கிறார்கள் என்பது பக்கத்தைத் தொட்டாலே தெரிகிறது.

போன வாரம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தாள். மகள் அறைக்கு இரண்டு டப்பா இளம்பச்சை கலக்கச் சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கிப் போனாள். நான்காம் நாள் டப்பாவை எடுக்க வந்தவள் புத்தகத்தை மேஜைமேல் வைத்து, டப்பா இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டே, "இதுல வர்ற அந்த அத்தான், அவரெல்லாம் இன்னும் உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

"இருக்கேம்மா. நான்தான். எழுதினது என் தங்கச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த இரண்டு டப்பாவையும் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கி எதிரே இருக்கிற பெயிண்ட் கடைக்குப் போனாள். என் மகன் கூப்பிடப் போனான், நான் தடுத்தேன். இத்தனை மாதம் படித்த வாசகர் கருத்துகளில், ஒரு சொல்கூட அதிகமில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். உன் தாளில் இடமிருந்தால் போடு.

கலந்த நிறத்தைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் பலகை மாட்டியிருக்கிறோம். அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

அண்ணன்